பழைய காரும் அதன் புகை மாற்றியும்

நம் வீடுகளில் ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்பதற்காக அதை உடனே கழித்துவிடுவது வழக்கமில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வைத்துக்கொள்கிறோம். குடைக்குக் கம்பி மாற்றுகிறோம். கடிகாரத்தைத் துடைத்து ஓடவைக்கிறோம். மோட்டார்க் காரையும் நாம் இந்த முறையிலேதான் பேணுகிறோம். ஆனால், காரில் ஓர் உறுப்பு உண்டு. அதை ஈயம் பூசிச் சரிசெய்ய இயலாது, கெட்டால் மாற்றவேண்டும், மாற்றுவதற்கோ செலவு அதிகம். அவ்வுறுப்பின் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். தமிழில் அதைக் கிரியா ஊக்கிப் புகை மாற்றி என்று சொல்லலாம். பழைய காரில் இது பழுதுபடும்போது என்ன செய்வது, எதை ஆராய்ந்து முடிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். திருவனந்தபுரத்தில், கரமனைப் பகுதியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். 2011-ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று அவரிடம் உண்டு. வாரம் இருமுறை தம் மனைவியைச் சிகிச்சைக்காக மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல அந்தக் கார்தான் துணை. அண்மையில் அது மேட்டில் ஏறத் திணறுகிறது. புகைச் சோதனையிலும் தேறவில்லை. காரின் 15 ஆண்டுப் பதிவோ 2026-இல் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டவேண்டும். அதற்குப் புகைச் சான்றிதழ் இன்றியமையாதது. பட்டறைக்காரர் வண்டியின் அடியில் பார்த்துவிட்டு, “ஸார், இதை எடுத்துவிட்டு ஒரு குழாயை வெல்டிங் வைத்துவிட்டால் போதும், வண்டி பறக்கும், செலவும் குறைவு” என்கிறார். ஓய்வூதியத்தில் வாழும் அவர் என்ன செய்வது?

விடை கூறுமுன் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினில் பெட்ரோல் முற்றிலும் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே வெளிவரும். ஆனால், உண்மையில் அவ்வாறு எரிவதில்லை. அரைகுறையாய் எரிந்ததனால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. எரியாத எண்ணெய் ஆவி ஹைட்ரோகார்பனாக வெளிவருகிறது. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிறது. இம்மூன்றும் நஞ்சு. கார்பன் மோனாக்ஸைடு, நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வது. மற்ற இரண்டும் வெயிலில் ஒன்றுகூடி ஓஸோன் என்னும் எரிச்சலூட்டும் வாயுவைத் தோற்றுவிப்பவை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் பழுப்புப் புகைமூட்டம் இவ்வாறுதான் உண்டாகிறது என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார்.

அதே காலத்தில், பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜீன் ஊட்ரி என்ற பொறியியலறிஞர் புகைக்குழாயிலேயே இந்நஞ்சை முறிக்கும் கருவி ஒன்றை வகுத்தார். ஆனால், அந்நாளைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் கிரியா ஊக்கியின் மேல் படிந்து அதை மாய்த்துவிடும். ஆகவே, ஈயமற்ற பெட்ரோல் வரும்வரை அவர் கருவி காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் அது பரவலாக இடம்பெற்றது. நம் நாட்டில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியில், 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது.

கன்வெர்ட்டரைப் பிளந்து பார்த்தால் உள்ளே தேனடையைப் போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்கள் வரை உள்ள நுண்ணிய அடை அது. அக்கண்களின் சுவரில் அலுமினா பூசி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களைத் துகளாகப் படியவைத்திருக்கிறார்கள். ஒரு காரில் இவற்றின் எடை சில கிராம்தான். சூடான புகை இவற்றைத் தொட்டுச் செல்லும்போது நஞ்சுகள் கரியமில வாயுவாகவும், நீராவியாகவும், நைட்ரஜனாகவும் மாறுகின்றன. உலோகங்களோ தாம் செலவாகாமல் நிற்கின்றன. மணமேடையில் மாலை மாற்றுபவர்கள் வேறு, மணத்தைக் கூட்டிவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர் வேறு அல்லவா? கிரியா ஊக்கியின் இயல்பும் அத்தகையதே.

இவ்வேலை நடக்க இரு நிபந்தனைகள் உண்டு. கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி வெப்பத்தை அடைந்திருக்க வேண்டும். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற அளவு காக்கப்பட வேண்டும். இந்த அளவைக் கண்காணிப்பது புகைக்குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் ஸென்ஸர். அளவு சற்றே கூடிக் குறையும்போது பிராணவாயுவைச் சேமித்தும் கொடுத்தும் சமன்செய்வது, அலுமினாவோடு கலந்த சீரியம் ஆக்ஸைடு.

இந்தச் சீரியம் நமக்கு அந்நியமன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில், சீரியம் செறிந்த மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார். தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலே அவருக்கு வழிகாட்டியது. மோனசைட்டிலிருந்து சீரியம் முதலிய அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை 1952-இல் ஆலுவாயில் திறக்கப்பட்டது. உள்ளூரார் மிதித்து நடந்த மணலிலுள்ள ஒரு பொருள் உலகக் கார்களின் புகையைத் தூய்மை செய்ய உதவுகிறது என்பது எண்ணத் தக்கது.

இனி, கன்வெர்ட்டர் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். அது தானாக மூப்படைந்து சாவது குறைவு. பெரும்பாலும் பிற உறுப்புகளின் குற்றத்துக்கு அது பலியாகிறது. ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில் பழுதானால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரியும். அப்போது வெப்பம் ஆயிரம் டிகிரியைக் கடந்து, பீங்கான் அடை உருகி வழியை அடைத்துவிடும். பேட்டரி இறங்கிய காரை நெடுந்தூரம் தள்ளிக் கிளப்புவதும், ஓடும் எஞ்சினில் பிளக் வயரைக் கழற்றிச் சிலிண்டரைச் சோதிப்பதும் இத்தீமையையே செய்கின்றன. பழைய கார்களில் தீங்கின்றி நடந்த பழக்கங்கள் இவை. கன்வெர்ட்டர் உள்ள காருக்கு ஆகா. எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கினால், ஆயிலிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் கிரியா ஊக்கியின்மேல் படிந்து மூடிவிடும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் கேடு விளைவிக்கும்.

திருவனந்தபுரத்துக்கே உரிய காரணங்களும் உண்டு. இடவப்பாதி மழையில் தம்பானூர்ப் பகுதி நீரில் மூழ்குவது நகரத்தார் அறிந்தது. அதைப் போக்கவே 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களைச் சீர்செய்யும் பணி தொடங்கப்பட்டது. நன்கு சூடேறிய கன்வெர்ட்டர் தேங்கிய நீரில் திடீரென்று அமிழ்ந்தால் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் காணக்கூடும். சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று இரும்புக் கூட்டையும் போல்ட்டுகளையும் அரிக்கும். வேகத்தடையில் அடிபட்டால் அடை நொறுங்கும்.

ஆகவே, ஆசிரியர் செய்யவேண்டிய முதற்காரியம் புதிய கன்வெர்ட்டர் வாங்குவதன்று. குற்றம் உண்மையில் அதனுடையதுதானா என்று துணிவது. நோயை அறியாமல் மருந்து வாங்குவது போன்ற தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. புகைச் சோதனையில் தேறாமைக்கு அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், சோர்ந்த ஆக்ஸிஜன் ஸென்ஸர், புகைக்குழாயில் ஓட்டை என்று பல காரணங்கள் உண்டு. இவை யாவும் கன்வெர்ட்டரைவிட மலிவானவை. ஆதலால், இவற்றை முதலில் சரிசெய்துவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

பிறகு கன்வெர்ட்டரைச் சோதிக்கலாம். வண்டி ஆறியபின் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், உள்ளே கலகலவென்று ஓசை கேட்குமாயின் அடை உடைந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் வாக்குவம் கேஜ் பொருத்தி, நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும். முள் நிலைத்து நின்றால் வழி திறந்திருக்கிறது. படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு இருக்கிறது. இதைவிட நேரான முறை, ஆக்ஸிஜன் ஸென்ஸரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை வைத்துப் பார்ப்பது. அதே 2,500 சுற்றில் எதிரழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 3 பவுண்டுக்கு மேற்பட்டால் அடைப்பு உண்டு என ஐயுறலாம். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் வலுக்குறைவு புலப்படும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பட்டறை வாசலிலேயே அறிந்துகொள்ளலாம்.

அடைப்பு வேறு, ஆற்றலிழப்பு வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அடைபட்ட கன்வெர்ட்டர் வண்டியின் வலிமையைக் குறைக்கும். ஆற்றலிழந்த கன்வெர்ட்டரோ வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் காட்டாது. புகைச் சோதனையில்தான் அகப்படும். பாரத் ஸ்டேஜ் 2, 3 வகைப் பெட்ரோல் கார்களுக்கு, வெறும் ஓட்டத்தில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவிகிதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கையும் மிஞ்சக் கூடாது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு இவ்வெல்லைகள் 0.3 சதவிகிதம், 200 பங்கு. சான்றிதழில் அச்சாகும் எண்களைப் பத்திரப்படுத்தி, முந்திய தடவைகளோடு ஒப்பிட்டு வந்தால், எண்கள் மெல்ல ஏறுவது தெரியும். நோய் முற்றுமுன் அறிய இதைவிட எளிய வழி இல்லை.

கன்வெர்ட்டரே கெட்டது என்று உறுதியாயிற்று. இனி வழிகள் எத்தனை?

முதல் வழி, பட்டறைக்காரர் சொன்னது: எடுத்துவிட்டு வெறுங்குழாய் வைப்பது. இது செலவில் குறைவு. பிற எல்லாவற்றிலும் கேடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. புகை விதியை மீறி வாகனம் ஓட்டுவோருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், 190-ஆவது பிரிவின்படி முதற்குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். அடைப்பு நீங்கியதனால் வண்டி வேகமாய் ஓடுவதைக் கண்டு, ‘கன்வெர்ட்டரே தடை’ என்று எண்ணுவது தவறு. நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டரை நீக்குவதனால் சாதாரண ஓட்டத்தில் கிடைக்கும் லாபம் சொற்பமே. சட்டத்தை மறந்துவிட்டாலும், அந்தப் புகை எங்கே போகிறது? பள்ளி விடும் வேளையில் சாலையோரம் நிற்கும் குழந்தைகளின் மூச்சுக்குள் போகிறது. காருக்குள் அமர்ந்திருக்கும் நோயாளியையும் அது விட்டுவைக்காது.

இரண்டாவது வழி, திரவம் ஊற்றியோ கழுவியோ சுத்தம் செய்வது. இலேசாகக் கரிபடிந்த நிலையில் சிறிது பயன் இருக்கலாம். உருகிய அடையையும், உடைந்த பீங்கானையும், நஞ்சேறிய உலோகத்தையும் எந்தத் திரவமும் மீட்டுத் தராது.

மூன்றாவது, கழிவுக் கடையிலிருந்து பழைய கன்வெர்ட்டர் வாங்குவது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எதனால் கழிக்கப்பட்டது என்பது தெரியாது. வெளிக்கூடு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அடை இல்லாமலே இருக்கலாம். ஏனெனில் அதிலுள்ள உலோகத்துக்காகவே அதைக் கழற்றி விற்போர் உண்டு. 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சியபோது, பல நாடுகளில் நிறுத்தியிருந்த கார்களின் அடியிலிருந்தே கன்வெர்ட்டர்கள் களவு போயின.

நான்காவது, எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்த கன்வெர்ட்டரை வாங்கி வெல்டிங் வைப்பது. இது தக்க உறுப்பாயின் பயன் தரும். ஆனால், மூன்று விஷயங்களைக் கேட்டறிய வேண்டும். எஞ்சினின் கொள்ளளவுக்கும் வண்டியின் பாரத் ஸ்டேஜுக்கும் அது பொருந்துமா? பழையது இருந்த இடத்திலேயே அமையுமா? தள்ளி வைத்தால் போதிய சூடு ஏறாது. உத்தரவாதம் எழுத்தில் உண்டா? மிக மலிவான உறுப்புகளில் விலையுயர்ந்த உலோகம் மிகக் குறைவாகப் பூசப்பட்டிருக்கும். சில மாதங்களிலேயே எண்கள் பழையபடி ஏறிவிடும். இதை அறிந்தே, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசின் அங்கீகார எண் இல்லாத மாற்றுக் கன்வெர்ட்டரைப் பொருத்தக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, அந்த வண்டிக்கென்றே செய்த உறுப்பு. காரின் தயாரிப்பாளருடையதாகவோ, பெயர்பெற்ற வேறு உற்பத்தியாளருடையதாகவோ இருக்கலாம். இதுவே நம்பத்தக்கது, விலையும் அதிகம். சில கார்களில் கன்வெர்ட்டர் எஞ்சினை ஒட்டிய மேனிபோல்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றில் முழுப்பகுதியையும் மாற்ற நேரும் என்பதால் விலையை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆறாவது வழியும் ஒன்றுண்டு: காருக்கு விடைகொடுப்பது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய பழைய வாகனக் கழிவுத் திட்டத்தின்படி, பதிவுபெற்ற நிலையத்தில் வண்டியை ஒப்படைத்து அதற்கான சான்றிதழைப் பெறலாம்.

இவற்றுள் எதைத் தேர்வது என்பதற்குக் கணக்கு ஒன்று உதவும். உறுப்பின் விலையை மட்டும் பார்க்காமல், அதை இன்னும் எத்தனை மாதம் பயன்படுத்தப் போகிறோம் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, உறுப்பு, கூலி, ஸென்ஸர் யாவும் சேர்ந்து 30,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். பதிவைப் புதுப்பித்தால் ஐந்தாண்டு ஓட்டலாம். 60 மாதத்துக்கு மாதம் 500 ரூபாய் ஆகிறது. எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அடித்தளம் துருப்பிடித்திருக்கிறது, ஓராண்டுக்கு மேல் தாங்காது என்றால் அதே தொகை மாதம் 2,500 ரூபாய் ஆகிவிடும். முதல் நிலையில் செலவழிப்பது சிக்கனம். இரண்டாம் நிலையில் அது வீண். வாரம் இருமுறை மட்டும் ஆஸ்பத்திரிக்குச் செல்வதானால், அம்மாதச் செலவோடு காப்பீடு, வரி, பராமரிப்பு ஆகியவற்றையும் கூட்டி, வாடகை வண்டிக்கு ஆகும் தொகையோடு ஒப்பிடுவதும் நன்று.

ஆகவே, கம்ப்ரெஷன் சோதனையில் எஞ்சின் நலமாய் இருப்பதாகத் தெரிந்தால், நம் ஆசிரியர் தம் வண்டிக்கென்றே அமைந்த புதிய கன்வெர்ட்டரை வாங்குவதே தக்கது. அதற்குமுன், பழையதைக் கொன்ற காரணத்தைக் களைந்தாக வேண்டும். இல்லையேல் புதியதும் அதே கதியை அடையும். ஆக்ஸிஜன் ஸென்ஸர் மூப்படைந்திருந்தால் கூடவே மாற்றிவிடுவது நலம். புதிய கேஸ்கெட்டும் போல்ட்டும் போடவேண்டும். உறுப்பு எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. அதற்கு மதிப்பு உண்டு. விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது தாமே எடுத்துவந்து விற்கலாம். வேலை முடிந்ததும் எஞ்சினை நன்கு சூடேற்றிப் புகைச் சோதனை செய்து, முன்னிருந்த எண்களோடு ஒப்பிட வேண்டும். மருந்து வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

காலக்கணக்கையும் மறத்தலாகாது. பதிவைப் புதுப்பிக்கும் மனுவை, பதிவு முடியும் நாளுக்கு முந்திய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். அதற்கு முன்பே பழுதுகளைச் சரிசெய்து வைத்தால், கடைசி வாரத்தில் அவசரப்பட்டு அகப்பட்ட உறுப்பைப் பொருத்தும் நிலை நேராது. அவசரமே பலரையும் வெறுங்குழாயை நோக்கித் தள்ளுகிறது.

ஒருகால் எஞ்சினும் தளர்ந்து, துருவும் மிகுந்திருந்தால், உண்மையை ஒப்புக்கொள்வதே நல்லது. பல ஆண்டு உழைத்த காரை விடுவது வருத்தந்தான். ஆயினும் அதன் நோயை ஊர் மூச்சில் கலந்துவிட்டு ஓட்டுவதைக் காட்டிலும் அது மேலானது. கன்வெர்ட்டர் கெட்டால் அதன் தீங்கு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை; வண்டிக்காரர் பணத்தை மிச்சம் பிடிக்கிறார், விலையை வேறு யாரோ கொடுக்கிறார். நம் செலவை நாமே ஏற்பது என்ற பழைய நெறியை இச்சிறு உறுப்பின் விஷயத்திலும் கைக்கொண்டால், காரும் நெடுநாள் ஓடும். தெருவில் நடப்போரும் நிம்மதியாய் மூச்சு விடுவர்.